மால்கம் எக்ஸும் வாக்குச் சீட்டும்

வாக்குரிமைக்கு இரு வழிகளில் கேடு நேர்வதுண்டு. அதிகாரம் படைத்தோர் அவ்வுரிமையைத் தட்டிப் பறிப்பது ஒன்று. வாக்களித்து ஆகப்போவது என்ன என்று மனம் நொந்து மக்கள் தாமே அதனைக் கைவிடுவது மற்றொன்று. அமெரிக்க நாட்டின் கறுப்பின மக்கள் இவ்விரு கேடுகளையும் ஒரே காலத்தில் கண்டவர்கள். அவர்களிடையே பிறந்து, முதலில் வாக்குச் சீட்டை வெறுத்து ஒதுக்கி, பின்னர் அதனைக் கையில் எடுக்குமாறு தம் மக்களை அழைத்தவர் ஒருவர் உண்டு. அவரே மால்கம் எக்ஸ் என்று உலகம் அறிந்த அல்ஹாஜ் மாலிக் அல்ஷபாஸ். சிறையிலிருந்து மீண்டவராகவும், இஸ்லாத்தைத் தழுவியவராகவும், ஹஜ்ஜினால் உள்ளம் மாறியவராகவும் அவரை நாம் அறிவோம். வாக்குரிமை பற்றிய அவருடைய எண்ணம் வளர்ந்த வரலாறும் அறியத்தக்கதே. இக்கட்டுரை அதனைக் கூற முற்படுகிறது.

ஏட்டளவில் இருந்த உரிமை

அமெரிக்காவில் அடிமை முறை 1865ஆம் ஆண்டு சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இனத்தையோ நிறத்தையோ காரணம் காட்டி எவருக்கும் வாக்குரிமையை மறுத்தலாகாது என்னும் பதினைந்தாம் அரசியல் சட்டத் திருத்தம் 1870இல் நடைமுறைக்கு வந்தது. சில ஆண்டுகள் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களிலும் வாக்களித்தனர். அவர்களுள் சிலர் நாடாளுமன்றத்திலும் அமர்ந்தனர். ஆனால் 1890 தொடங்கித் தென் மாநிலங்கள் அவ்வுரிமையைச் சுற்று வழிகளில் பறித்தன. வாக்களிக்க விரும்புவோர் தலைவரி செலுத்த வேண்டும் என்று விதித்தன. மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துப் பொருள் கூற வேண்டும் என்றும் விதித்தன. கூறிய பொருள் சரியா, தவறா என முடிவு செய்பவர் வெள்ளையரான பதிவு அலுவலர். கல்லூரியில் பாடம் நடத்தும் கறுப்பினப் பேராசிரியரும் அத்தேர்வில் தவறிவிட்டார் என்று திருப்பி அனுப்பப்பட்டார். மிசிசிப்பி மாநிலத்தில் பதிவுக்கு விண்ணப்பித்தோரின் பெயர்கள் செய்தித்தாளில் அச்சிடப்பட்டன. பெயரைக் கண்ட பண்ணை முதலாளி வேலையைப் பறித்தார். வேலையோடு குடியிருந்த வீடும் போயிற்று. இரவில் துப்பாக்கியோடு வந்தவர்களும் உண்டு.

இக்கொடுமைக்குள் மற்றோர் அநீதியும் மறைந்திருந்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் நாடாளுமன்ற உறுப்பினர் எண்ணிக்கைக்கு இணையாக வாக்காளர் குழுவில் இடங்கள் உண்டு. அவ்வெண்ணிக்கை பெரும்பாலும் மக்கள்தொகையை ஒட்டியது. 1964 முதல் மொத்த இடங்கள் 538. அவற்றுள் 270 பெறுபவர் வெற்றி பெறுவார். ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும், அங்கே கூடுதல் வாக்குப் பெற்றவருக்கே அம்மாநிலத்தின் இடங்கள் அனைத்தும் சேரும். தென் மாநிலங்களுக்குரிய இடங்களைக் கணக்கிடும்போது கறுப்பின மக்களின் தலைகளும் எண்ணப்பட்டன. வாக்களிக்கும் நாளில் மட்டும் அவர்கள் எண்ணிக்கைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். அவர்களுடைய தலைக்கணக்கால் வந்த வலிமையை அவர்களை ஒடுக்கியவர்களே அனுபவித்தனர்.

இளமையும் சிறைவாசமும்

இத்தகைய நாட்டில் 1925ஆம் ஆண்டு மே திங்கள் 19ஆம் நாள், நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் மால்கம் லிட்டில் பிறந்தார். தந்தை ஏர்ல் லிட்டில் கிறித்தவப் போதகர். கறுப்பின மக்கள் தம் காலில் நிற்க வேண்டும் என்று முழங்கிய மார்கஸ் கார்வியின் தொண்டர். தாய் லூயிஸ் கிரெனடா தீவில் பிறந்தவர். தந்தையின் பொதுப்பணியால் குடும்பம் நிறவெறியரின் பகைக்கு ஆளாயிற்று. மிச்சிகன் மாநிலத்து லான்சிங் நகருக்கு அவர்கள் குடிபெயர்ந்தனர். அங்கே 1929இல் அவர்களது வீடு தீக்கிரையானது. 1931இல் தந்தை டிராம் வண்டியின் அடியில் சிக்கி உயிர் துறந்தார். அது விபத்து என்று அதிகாரிகள் எழுதினர். வெள்ளையரின் செயல் என்றே குடும்பத்தார் நம்பினர். பிள்ளைகளைத் தனியே வளர்த்த தாய் மனம் கலங்கி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தார். பிள்ளைகள் திசைக்கொருவராய்ப் பிரிந்தனர்.

பள்ளியில் மால்கம் நன்றாகப் படித்தார். வழக்கறிஞர் ஆக விரும்புவதாகச் சொன்னபோது, உன் இனத்தானுக்கு அது ஆகாது, தச்சுத் தொழில் பழகு என்ற பொருள்பட ஆசிரியர் ஒருவர் அறிவுரை கூறினார். கற்பிப்பவர் வாயிலிருந்து வந்த அச்சொல் மாணவனின் ஊக்கத்தைக் கொன்றது. பாஸ்டன் நகருக்கும் பின்னர் நியூயார்க்கின் ஹார்லம் பகுதிக்கும் சென்ற அவர் தீய வழிகளில் விழுந்தார். 1946இல் திருட்டுக் குற்றத்துக்காகச் சிறை புகுந்தார்.

சிறையே அவருக்குக் கல்விச்சாலை ஆயிற்று. அகராதியைப் பக்கம் பக்கமாகக் கையால் எழுதிப் படித்தார். நார்ஃபோக் சிறையின் நூலகத்தில் வரலாறும் மெய்யியலும் கற்றார், சொற்போர்களில் பங்கேற்றார். உடன்பிறந்தோரின் கடிதங்கள் வழியாக எலிஜா முஹம்மது நடத்திய ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ இயக்கத்தை அறிந்து அதில் இணைந்தார். 1952இல் விடுதலையானபோது, தம் முன்னோருக்கு அடிமை முதலாளி சூட்டிய லிட்டில் என்னும் பெயரைத் துறந்தார். அறியப்படாத ஆப்பிரிக்கப் பெயரின் அடையாளமாக எக்ஸ் என்னும் எழுத்தை ஏற்றார்.

விலகி நின்ற காலம்

அவ்வியக்கம் இஸ்லாத்தின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அதன் கொள்கை மார்க்கத்துக்கு மாறானது. எலிஜா முஹம்மதை இறைத்தூதர் என்றும், வெள்ளையர் பிறவியிலேயே தீயோர் என்றும் அது கற்பித்தது. ஆயினும் மதுவையும் சூதையும் ஒழித்து, ஒழுக்கத்தையும் தன்மானத்தையும் ஊட்டியதால் ஏழைக் கறுப்பின மக்கள் பலர் அதில் சேர்ந்தனர். 1954இல் ஹார்லம் பள்ளியின் பொறுப்பை ஏற்ற மால்கம் சில ஆண்டுகளில் நாடறிந்த சொற்பொழிவாளர் ஆனார்.

அந்த இயக்கம் தேர்தலை அறவே ஒதுக்கியது. வெள்ளையரின் அரசில் நமக்குப் பங்கில்லை, நமக்குத் தனி நாடு வேண்டும் என்பது அதன் நிலை. மால்கமும் அதனையே ஊர் ஊராகப் பரப்பினார். அந்த வெறுப்பு காரணமற்றதன்று. தென் மாநில வெள்ளையர் ஜனநாயகக் கட்சியினர். கறுப்பினத்தார் வாக்களிக்க இயலாத தொகுதிகளிலிருந்து அவர்கள் மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். நாடாளுமன்றக் குழுக்களின் தலைமைப் பதவி நெடுங்கால உறுப்பினருக்கே உரியதாக இருந்தது. எனவே, வடக்கே ஹார்லத்திலும் சிகாகோவிலும் வாழ்ந்த கறுப்பினத்தார் ஜனநாயகக் கட்சிக்கு அளித்த வாக்கு அக்கட்சிக்குப் பெரும்பான்மையைத் தந்தது. அப்பெரும்பான்மை, தெற்கே தம் உறவினரை ஒடுக்கியவரைக் குழுத் தலைவர் ஆக்கியது. மிசிசிப்பியின் செனட்டரும் நிறப் பாகுபாட்டின் காவலருமான ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட் 1956 முதல் செனட் சபையின் நீதித்துறைக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். குடியுரிமை மசோதாக்கள் அவர் மேசையைத் தாண்ட வேண்டியிருந்தது. போட்ட வாக்கே தமக்குப் பகையாய்த் திரும்புவதைக் கண்ட மக்கள் சலிப்படைந்ததில் வியப்பில்லை.

ஆனால் விலகி நின்றதால் விளைந்தது என்ன? 1962இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் காவலர்கள் அந்த இயக்கத்தின் உறுப்பினர் ஒருவரைச் சுட்டுக் கொன்றனர். மால்கம் கொதித்தெழுந்தார், தலைமையோ பொறுத்திருக்கச் சொன்னது. அதே காலத்தில் தெற்கே இளைஞர்கள் அடியும் சிறையும் ஏற்று வாக்காளர் பதிவுக்காக வீடு வீடாகச் சென்றுகொண்டிருந்தனர். பேசுவோர் நாம், செயல்படுவோர் பிறர் என்னும் உறுத்தல் மால்கமின் உள்ளத்தில் வளர்ந்தது. எலிஜா முஹம்மதின் தனி வாழ்வு பற்றி அறியவந்த செய்திகளும் அவரை உலுக்கின. கென்னடி கொலையுண்டதை ஒட்டி அவர் கூறிய கருத்துக்காக 1963 டிசம்பரில் இயக்கம் அவருக்கு வாய்ப்பூட்டு இட்டது. 1964 மார்ச் 8ஆம் நாள் அதிலிருந்து விலகுவதாக அறிவித்தார்.

வாக்குச் சீட்டைக் கையில் எடுத்தல்

விலகிய பதினெட்டாம் நாள் மால்கம் வாஷிங்டன் சென்றார். செனட் சபையில் குடியுரிமை மசோதா விவாதத்தில் இருந்தது. அங்கேதான் மார்ட்டின் லூதர் கிங்கும் அவரும் தம் வாழ்வில் ஒரே ஒரு முறை நேரில் சந்தித்துச் சில நொடிகள் உரையாடினர். மசோதாவை வீழ்த்தத் தென் மாநிலச் செனட்டர்கள் நாட்கணக்கில் பேசிப் பொழுதைப் போக்கினர். ஜூன் 10ஆம் நாள்தான் அத்தடை உடைந்தது.

ஏப்ரல் 3ஆம் நாள் கிளீவ்லண்ட் நகரத் தேவாலயம் ஒன்றில் மால்கம் நிகழ்த்திய உரை வரலாற்றில் இடம்பெற்றது. வாக்குச் சீட்டா, துப்பாக்கிக் குண்டா என்பது அதன் தலைப்பு. தலைப்பின் கடுமையைக் கண்டு அதனை வன்முறைக்கு விடுத்த அழைப்பு என்று கருதுவோர் உண்டு. வாக்குச் சீட்டுக்கு வழி திறவாவிட்டால் நாடு எத்திசையில் செல்லும் என்னும் எச்சரிக்கை அதில் இருந்தது உண்மையே. எனினும் அவ்வுரையின் பெரும்பகுதி தேர்தல் கணக்கு. 1960ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஏறத்தாழ 6 கோடியே 88 லட்சம் வாக்குகள் பதிவாயின. அவற்றுள் நிக்சனைக் காட்டிலும் கென்னடி கூடுதலாகப் பெற்றவை 1,13,000க்கும் குறைவே. வெள்ளையரின் வாக்கு இரு கட்சிகளுக்கும் ஏறக்குறையச் சமமாகப் பிரியும்போது, வெள்ளை மாளிகைக்குச் செல்பவர் யார் என்பதைக் கறுப்பின மக்களின் வாக்கே முடிவு செய்யும் என்று மால்கம் எடுத்துரைத்தார். இவ்வளவு வலிமை உடையோர் கட்சிகளின் பட்டியலில் கடைசியில் நிற்பது ஏன் என்றும் கேட்டார்.

விடையையும் அவரே தந்தார். கேட்காமலே கொடுக்கப்படும் வாக்குக்கு மதிப்பில்லை. ஆகவே எல்லோரும் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆயினும் எந்தக் கட்சிக்கும் அடிமையாகிவிடக் கூடாது. நமக்கு என்ன செய்வார் என்பது தெளிவாகும் வரை வாக்கை விட்டெறியாமல் காக்க வேண்டும். இரு கட்சிகளின் மீதும் அவர் கொண்டிருந்த ஐயம் இம்மியும் குறையவில்லை. அந்த ஐயத்தை, வாக்களிக்காமைக்குக் காரணமாகக் கொள்வதை விடுத்து, வாக்கை விலை மதித்துக் கொடுப்பதற்குக் காரணமாகக் கொண்டார். இதுவே அவரிடம் நேர்ந்த மாற்றம்.

அதே மாதத்தில் ஹஜ் கடமையை நிறைவேற்ற அவர் மக்கா சென்றார். இளவரசர் ஃபைஸல் அவரை அரசின் விருந்தினராக ஏற்றார். வெள்ளை நிறத்தாரும் கறுப்பு நிறத்தாரும் ஒரே வகை இஹ்ராம் ஆடையில், ஒரே தட்டில் உண்டு, ஒரே இறைவனைத் தொழுத காட்சி அவரது உள்ளத்தில் எஞ்சியிருந்த இன வெறுப்பைக் கழுவியது. ஒரு மனிதன் தீயவனாவது நிறத்தால் அன்று, செயலால்தான் என்னும் தெளிவோடு திரும்பினார். 1964 ஜூன் 28ஆம் நாள் ஆப்பிரிக்க அமெரிக்க ஒற்றுமை அமைப்பை நிறுவினார். வாக்காளர் பதிவு இயக்கம் அதன் வேலைத்திட்டத்தில் இடம்பெற்றது. ஜூலையில் கெய்ரோ நகரில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்களிடம், தம் மக்களுக்கு இழைக்கப்படும் கொடுமையை ஐக்கிய நாடுகள் மன்றத்துக்குக் கொண்டுசெல்ல உதவுமாறு வேண்டினார்.

1964ஆம் ஆண்டுத் தேர்தல்

அவ்வாண்டு நவம்பர் 3ஆம் நாள் குடியரசுத் தலைவர் தேர்தல். ஜனநாயகக் கட்சியின் லிண்டன் ஜான்சனும் குடியரசுக் கட்சியின் பேரி கோல்ட்வாட்டரும் போட்டியிட்டனர். ஜூலை 2இல் குடியுரிமைச் சட்டத்தில் கையொப்பமிட்டவர் ஜான்சன். அதனை எதிர்த்துச் செனட்டில் வாக்களித்தவர் கோல்ட்வாட்டர். கறுப்பினத் தலைவர்களுள் மிகப் பலர் ஜான்சனை ஆதரித்தனர். மால்கம் அவர்களோடு சேரவில்லை. ஒருவர் பல்லைக் காட்டி உறுமும் ஓநாய், மற்றவர் சிரித்தபடி நெருங்கும் நரி என்பது அவரது உவமை. இவ்வுவமையை இன்று படிப்போர் அதனை முழுதும் ஏற்க வேண்டுவதில்லை. ஆனால் அதற்கு அடிப்படை இல்லாமலும் இல்லை.

ஆகஸ்டு மாதம் அட்லாண்டிக் சிட்டி நகரில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு, மிசிசிப்பியின் கறுப்பின மக்கள் தாமே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளை அனுப்பியிருந்தனர். அவர்களுள் ஒருவர் ஃபேனி லூ ஹேமர் என்னும் பண்ணைத் தொழிலாளப் பெண்மணி. 1962இல் வாக்காளராகப் பதிவு செய்ய முயன்றதற்காகப் பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டவர்; 1963இல் சிறையில் கடுமையாக அடிக்கப்பட்டவர். அவர் மாநாட்டில் அளித்த சாட்சியத்தை நாடே கேட்டது. ஆயினும் தென் மாநில வெள்ளையரை இழக்க அஞ்சிய கட்சித் தலைமை இரண்டே இடங்களைத் தர முன்வந்தது. அவர்கள் அதனை மறுத்துத் திரும்பினர். ஜான்சன் மக்களின் வாக்குகளுள் நூற்றுக்கு 61 பெற்று வென்றார். கோல்ட்வாட்டருக்குக் கிடைத்த ஆறு மாநிலங்களுள் ஐந்து தென்கோடி மாநிலங்கள். வாக்கெடுப்பு நடந்த நாளில் மால்கம் ஆப்பிரிக்கப் பயணத்தில் இருந்தார்.

ஹார்லத்திலிருந்து செல்மாவுக்கு

நவம்பர் இறுதியில் தாயகம் திரும்பிய மால்கமை டிசம்பர் 20ஆம் நாள் ஹார்லத்தில் ஒரே மேடையில் ஹேமரோடு காண்கிறோம். மிசிசிப்பியில் நிகழ்வது தொலைவில் உள்ளோரின் துயரம் என்று எண்ணியிருந்த நியூயார்க் மக்களுக்கு மால்கம் ஓர் உண்மையை உணர்த்தினார். நியூயார்க் மேயரும் நாட்டின் தலைவரும் சார்ந்த கட்சியே மிசிசிப்பியின் ஈஸ்ட்லண்ட் சார்ந்த கட்சியும். ஆகவே வடக்கில் வாக்குள்ளவர்கள் தெற்கில் வாக்கற்றவர்களுக்காகக் கணக்குக் கேட்கக் கடமைப்பட்டவர்கள். சில நாட்களுக்குப் பின் மிசிசிப்பியிலிருந்து வந்த மாணவர்களைச் சந்தித்தார். பிறர் சொல்வதைக் கேட்டு நடவாமல் தாமே ஆராய்ந்து முடிவு செய்யுமாறு அவர்களுக்கு அறிவுறுத்தினார்.

1965 தொடக்கத்தில் அலபாமா மாநிலத்துச் செல்மா நகரம் போர்க்களம் போல் ஆயிற்று. அவ்வட்டாரத்தில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தாருள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரே பட்டியலில் இருந்தனர். பதிவு செய்யச் சென்றோர் நூற்றுக்கணக்கில் சிறையில் அடைக்கப்பட்டனர். கிங்கும் சிறையில் இருந்தார். பிப்ரவரி 4ஆம் நாள், மாணவர்களின் அழைப்பை ஏற்று மால்கம் அங்கே சென்று தேவாலயத்தில் கூடியிருந்தோரிடம் பேசினார். பின்னர் கிங்கின் துணைவியார் கொரெட்டாவிடம், உங்கள் கணவரின் பணியைக் கடினமாக்க நான் வரவில்லை, என்னைக் காணும் வெள்ளையர் அவர் சொல்லைக் கேட்க விரைவர் என்னும் கருத்தைத் தெரிவித்தார். ஒருகாலத்தில் வாக்குச் சீட்டை வெறுத்தவர், வாக்காளர் பட்டியலில் பெயர் எழுதப்படுவதற்காகச் சிறை சென்ற மக்களின் நடுவே நின்றார்.

அதன் பின் அவருக்கு எஞ்சியிருந்தவை பதினேழு நாட்களே. பிப்ரவரி 14இல் மனைவி மக்களோடு உறங்கிய வீட்டின் மீது தீக்குண்டு வீசப்பட்டது. பிப்ரவரி 21ஆம் நாள், நியூயார்க்கின் ஆடுபான் மண்டபத்தில் உரையாற்ற எழுந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது. அக்கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட மூவருள் இருவர் குற்றமற்றவர் என்று 2021இல் நீதிமன்றம் விடுவித்தது. நீதி வர ஐம்பத்தாறு ஆண்டுகள் ஆயின.

அவருக்குப் பின்

மால்கம் மறைந்த இரண்டு வாரங்களில், மார்ச் 7ஆம் நாள், செல்மாவின் பாலத்தில் அணிவகுத்த மக்களைக் காவலர்கள் குருதி சிந்த அடித்தனர். நாடு கொதித்தது. ஆகஸ்டு 6ஆம் நாள் ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். படிப்புத் தேர்வுகள் நிறுத்தப்பட்டன. மத்திய அரசின் அலுவலர்களே பதிவை மேற்கொள்ள வழி பிறந்தது. பாகுபாட்டுக்குப் பெயர்போன மாநிலங்கள் தம் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் ஒப்புதலைப் பெற வேண்டியதாயிற்று. மிசிசிப்பியில் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவாக இருந்த கறுப்பின வாக்காளர் பதிவு, 1967இல் நூற்றுக்கு அறுபதை எட்டியது. மால்கம் நரி என்று ஐயுற்றவரே அச்சட்டத்தைக் கொணர்ந்தார். அதுவும் தானாக நிகழ்ந்ததன்று. மக்கள் தெருவில் நின்று கேட்டதால் நிகழ்ந்தது.

வென்ற உரிமை என்றென்றும் காவலின்றி நிற்பதில்லை என்பதையும் பின்வந்த ஆண்டுகள் காட்டின. எந்த மாநிலங்கள் முன் ஒப்புதல் பெற வேண்டும் என்று வரையறுத்த பிரிவை 2013இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. முன் ஒப்புதல் முறை செயலற்றுப் போயிற்று. சலிப்பும் மீண்டும் தலைதூக்கியது. 2012இல் நூற்றுக்கு 66 பேருக்கு மேல் வாக்களித்த கறுப்பின வாக்காளருள், 2016இல் வாக்களித்தோர் நூற்றுக்கு அறுபதுக்கும் சற்றுக் குறைவு. அத்தேர்தலில், மால்கம் சிறுவனாக வளர்ந்த மிச்சிகன் மாநிலத்தில் பதிவான வாக்குகள் ஏறத்தாழ 48 லட்சம். வெற்றியை முடிவு செய்த வேறுபாடு 10,704. வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதன்று இங்கே நாம் கருதத்தக்கது. ஒரு வாக்கால் என்ன ஆகும் என்று வீட்டில் இருந்தோரின் எண்ணிக்கை அவ்வேறுபாட்டைப் போல் பன்மடங்கு என்பதே கருதத்தக்கது.

மாணவச் செல்வங்கள் இவ்வாழ்விலிருந்து கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. ஆட்சியாளரை ஐயுறுதல் குற்றமன்று. அநீதி கண்டவருக்கு அது இயல்பு. மால்கம் இறுதி வரை ஐயுற்றார். ஆனால் தாம் விலகி நின்றால் தம்மை ஒடுக்குவோருக்கு எவ்வித இழப்பும் இல்லை என்பதையும் கண்டுகொண்டார். அமானிதத்தைப் பேணுதல் நம் மார்க்கத்தின் கட்டளை. வாக்கும் ஓர் அமானிதம். தகுதியற்றவருக்கு அதனைக் கொடுப்பது எவ்வாறு பிழையோ, யாருக்கும் பயனின்றி வீணாக்குவதும் அவ்வாறே பிழை. அதனை மறுக்கப்பட்ட மக்கள் அதற்காக வேலையையும் வீட்டையும் உயிரையும் இழந்தனர். அம்மக்களுக்காகக் குரல் கொடுத்து மறைந்த அல்ஹாஜ் மாலிக் அல்ஷபாஸ் அவர்களை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக.